மேடை பதினொன்றுக்கு, மேஜை எட்டுக்கு: பாங்காக்கில் ஒரு ராக் இரவு

பாங்காக்கில் வேலைக்குச் சேர்ந்த ஒன்றிரண்டு மாதத்தில் அந்த அழைப்பு வரும். லைன் செயலியில் யாராவது ஒரு ராக் பேண்டின் போஸ்டரைப் போட்டு, வெள்ளிக்கிழமை வருகிறீர்களா என்று கேட்பார்கள். மொழி புரியாது, பாட்டு தெரியாது என்று தட்டிக்கழிக்கத் தோன்றும். தட்டிக்கழிக்காதீர்கள். மீட்டிங்கில் வாய் திறக்காத கணக்குப் பிரிவு அக்கா அங்கே எழுந்து நின்று தொண்டை வறளப் பாடுவார். பக்கத்தில் நின்று நீங்களும் கைதட்டியிருந்தால் திங்கட்கிழமை முதல் அலுவலகப் பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஆனால் அந்த இரவு எப்படி நடக்கும் என்று தெரியாமல் போகிறவர்கள் பத்து மணிக்கே களைத்து, பாதி போதையில், முக்கிய பேண்ட் மேடை ஏறும் நேரத்தில் வீட்டுக்கு வண்டி தேடிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இடம் எது என்பது. இம்பாக்ட் அரீனா போன்ற பெரிய அரங்கமா, காவ் யாய் மலைப்பக்கம் நடக்கும் பிக் மவுண்டன் மாதிரியான திறந்தவெளித் திருவிழாவா, அல்லது மேஜை போட்ட பப்பா? அலுவலகக் கூட்டம் அடிக்கடி போவது மூன்றாவதுக்குத்தான். வெளிநாட்டுக்காரர் தடுமாறுவதும் அங்கேதான்.

தாய்லாந்தின் முன்னணி ராக் பேண்டுகளும் பெரிய மேடைகளை மட்டும் நம்பி இருப்பதில்லை. நாடு முழுக்க ஊர் ஊராகப் பப்களில் வாசிப்பது அவர்களுடைய வருமானத்தில் முக்கியமான பங்கு. வாரத்தில் பல இரவுகள் வாசிப்பார்கள். ஒரே இரவில் இரண்டு கடைகளில் வாசிப்பதும் உண்டு. போஸ்டரில் நேரம் தெளிவாக இல்லாமலிருக்கவும், பேண்ட் பத்தரைக்கும் வரலாம் பதினொன்றரைக்கும் வரலாம் என்று ஆகவும் இதுதான் காரணம். அதுவரை கடையின் சொந்த பேண்ட் மற்றவர்களுடைய பிரபலப் பாடல்களை வாசித்துக்கொண்டிருக்கும். முக்கிய பேண்ட் மேடையில் இருப்பது ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம்.

மேடை தாமதம், ஆனால் மேஜை தாமதிக்காது. அநேக கடைகளில் ஃபேஸ்புக் அல்லது லைன் வழியாக மேஜையை முன்பதிவு செய்து, முன்பணம் கட்டி, எட்டு மணி எட்டரை மணி என்று கடை சொல்லும் நேரத்துக்குள் யாராவது ஒருவர் போய் உட்கார வேண்டும். தவறினால் மேஜையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அலுவலகத்தில் யாருக்கு வேலை சீக்கிரம் முடிகிறதோ அவர் முன்னால் போய் இடம் காப்பார். புதிதாகச் சேர்ந்த நீங்கள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டால் நல்ல பெயர் கிடைக்கும். மேஜை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்த எண் என்ற விவரத்தைத் தாய் எழுத்திலேயே போனில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் அந்தத் திரையைக் காட்டினால் போதும்.

எந்த மேஜை நல்லது என்று கேட்டால், மேடைக்கு முன்வரிசையை அலுவலகத் தோழர்கள் சொல்வார்கள். அங்கே ஒலிபெருக்கி நேராக முகத்தில் அடிக்கும், பேச்சு ஒன்றும் காதில் விழாது. விலையும் கூடுதல், குறைந்தது இத்தனை பாட்டில் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். ஒலிப் பொறியாளர் உட்கார்ந்து சரிசெய்யும் மிக்ஸிங் பலகைக்குப் பக்கத்து மேஜைகளைக் கேளுங்கள். அவர் தன் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதற்கேற்பத்தான் ஒலியை அமைக்கிறார். அந்தக் கடையிலேயே சிறந்த ஒலி அங்கேதான் கிடைக்கும்.

உள்ளே போக 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். தாய் தோழர்கள் அடையாள அட்டையைக் காட்டுவார்கள். வெளிநாட்டவரிடம் பாஸ்போர்ட் கேட்பார்கள். போனில் இருக்கும் படத்தைச் சில கடைகள் ஏற்கும், சில ஏற்காது. நரைத்த தலையோடு போனாலும் கேட்கலாம், கோபப்பட வேண்டாம். ஆண்கள் அரைக்கால் சட்டையும் செருப்புமாகப் போனால் சில இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கறுப்பு டிஷர்ட், ஜீன்ஸ், மூடிய காலணி எங்கேயும் செல்லும். இ-சிகரெட்டை வீட்டிலும் வைக்காதீர்கள், பையிலும் வைக்காதீர்கள். தாய்லாந்தில் அதன் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை உண்டு. வைத்திருந்தாலே போலீஸ் சிக்கல் வரும்.

உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, வெளியேறும் வழிகளைப் பார்ப்பது. இதைப் பலரும் அலட்சியமாக விடுகிறார்கள் என்பதால் அழுத்தமாகவே சொல்கிறேன். 2009 புத்தாண்டு இரவில் பாங்காக்கின் எக்கமாய் பகுதியில் இருந்த சாந்திகா கிளப் தீப்பிடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். 2022 ஆகஸ்டில் சோன்புரி மாகாணத்தின் சத்தஹிப்பில் மவுண்டன் பி என்ற பப்பிலும் தீ விபத்து நடந்து, அதிலும் 20 பேருக்கு மேல் உயிர் போனது. இரண்டாவதில், ஒலி வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் நெருப்பு வெகுவேகமாகப் பரவியது. நுழைந்த கதவைத் தவிர இன்னொரு கதவு எங்கே இருக்கிறது, அது பூட்டியிருக்கிறதா என்று கழிப்பறைக்குப் போகிற சாக்கில் ஒரு நடை பார்த்து வாருங்கள். இன்னொரு வழியே இல்லாத கடையாக இருந்தால், மேஜையை வாசல் பக்கம் மாற்றச் சொல்லித் தோழர்களிடம் கேட்கலாம்.

கழிப்பறையில் புதியவர்களைத் திடுக்கிட வைக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஆண்கள் பக்கத்தில், நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பணியாளர் ஒருவர் பின்னாலிருந்து தோளைப் பிடித்துவிடுவார், கழுத்தைச் சொடக்கெடுப்பார், பிறகு சூடான துண்டு நீட்டுவார். அது அவருடைய பிழைப்பு. பிடித்திருந்தால் தாய்லாந்துப் பணத்தில் 20 பாட் கொடுங்கள். வேண்டாமென்றால் தொடங்குமுன்பே சிரித்தபடி கையை அசைத்தால் விட்டுவிடுவார். 20 பாட் தாள்கள் நாலைந்து சட்டைப்பையில் இருப்பது எப்போதும் நல்லது.

இனி மேஜைக்கு வருவோம். தாய் பப்பில் பெரும்பாலும் தனியாக நடனத் தளம் கிடையாது. எல்லாரும் தங்கள் மேஜையைச் சுற்றியே நின்று ஆடுவார்கள். அடுத்த மேஜைக்காரர்கள் இடையில் புகுந்து ஆடுவது வழக்கமில்லை. அவர்களே குவளையை உயர்த்தி அழைத்தால் போகலாம். இந்த எல்லை புரியாமல் மேடைக்கு முன்னால் போய்த் தனியாகக் குதிக்கிற வெளிநாட்டுக்காரரைத் தோழர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் சங்கடப்படுவார்கள்.

மேஜைக்கு விஸ்கியோ ரம்மோ முழு பாட்டிலாக வரும். கூடவே வாளி நிறைய ஐஸ், சோடா, தண்ணீர். ஹாங் தோங், பிளெண்ட் 285, சாங்சோம் ஆகியவை வழக்கமான உள்ளூர் வகைகள். இதில் சாங்சோம் உண்மையில் ரம். உயரமான குவளையில் ஐஸை விளிம்புவரை நிரப்பி, மதுவைச் சுமார் 30 மி.லி. ஊற்றி, மிச்சத்தைப் பாதி சோடா பாதி தண்ணீராக நிரப்புவார்கள். குடிக்கும்போது லேசாக, கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி இருக்கும். ஆபத்தே அதில்தான். 700 மி.லி. பாட்டிலில் 30 மி.லி. அளவு 23 முறை வரும். ஆறு பேர் மேஜையில் ஒரு பாட்டில் என்றால் ஆளுக்கு நாலு குவளைகூட முழுதாக வராது. ஆனால் கடைகள் மூன்று பாட்டில் சேர்த்து வாங்கினால் சலுகை என்று விற்கும். மூன்றும் முடிந்தால் ஆளுக்குப் பதினொன்றுக்கு மேல் போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், உங்கள் குவளையை நீங்கள் நிரப்புவதில்லை என்பது. மேஜையில் வயதில் இளையவரோ கடைப் பணியாளரோ, குவளை பாதியாகும்போதே மேலே ஊற்றிவிடுவார்கள். அப்படிக் கவனித்துக்கொள்வதை மரியாதையாக நினைக்கிறார்கள். குவளை காலியாவதே இல்லையென்றால் எத்தனை குடித்தோம் என்ற கணக்கு போய்விடும். நிறுத்த வேண்டுமானால் குவளையை நிறைய வைத்திருங்கள், காலியாக வைக்காதீர்கள். ஊற்ற வரும்போது குவளையின் வாயை உள்ளங்கையால் மூடிச் சிரியுங்கள். அல்லது நீங்களே எல்லாருக்கும் கலந்து கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குவளையில் எவ்வளவு விழுகிறது என்பது அப்போது உங்கள் கையில். "சொன் கேவ்" என்று யாராவது சொன்னால் குவளையை இடித்து ஒரு வாய் குடித்தால் போதும். "மொட் கேவ்" என்றால் முழுவதையும் காலி செய்யச் சொல்கிறார்கள். முதலாவதுக்கு எப்போதும் சேர்ந்துகொள்ளுங்கள், இரண்டாவதுக்குத் தேர்ந்து சேருங்கள்.

குடிக்காதவர்கள் போகவே கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். சோடாவும் எலுமிச்சையும் ஐஸும் அதே உயரமான குவளையில் இருந்தால் இடிக்கும்போது யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை. மருந்து சாப்பிடுகிறேன் என்றால் உடனே விட்டுவிடுவார்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை வரும் பௌத்த மழைக்கால விரதத்தின் மூன்று மாதங்களில் தாய்லாந்துக்காரர்களிலேயே நிறையப் பேர் குடியை நிறுத்திவைப்பார்கள். அந்தக் காலத்தில் மேஜையில் உங்களுக்குத் துணை இருக்கும். விசாக பூஜை, ஆசாள்ஹ பூஜை போன்ற பௌத்தப் புனித நாள்களில் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு, பல பப்கள் மூடியிருக்கும். தேதி குறிக்கும்போதே நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் போகக் கூடாது. மேஜைக்கு வரும் சைடு டிஷ் எல்லாம் கடிப்பதற்கே தவிர பசியாற அல்ல: பொரித்த கோழி மூட்டு, எலுமிச்சை பிழிந்த பன்றி இறைச்சி, லாப் என்ற கொத்துக்கறி சாலட், உலர்ந்த கணவாய், முந்திரி வறுவல், உருளைக்கிழங்கு ஃபிரைஸ். சைவக்காரர்களுக்கு முந்திரியும் ஃபிரைஸும் வெள்ளரிக்காயும்தான் நம்பகமானவை. காய்கறி என்று சொல்லி வரும் 'யாம்' என்ற காரப் புளிப்பு சாலட், 'சோம் தாம்' என்ற பச்சைப் பப்பாளி சாலட் வகைகளில் மீன் சாறும் உலர்ந்த இறாலும் விழுந்திருக்கும். "மை சை நாம் ப்லா" என்று சொன்னால் மீன் சாறு போடமாட்டார்கள், ஆனால் இரவு பத்து மணிக் கூட்டத்தில் சமையலறைக்கு அந்தச் சொல் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. ஏழு மணிக்கே சோறு சாப்பிட்டுவிட்டுப் போவது உத்தமம்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவு. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். மூடிய பப்பில் ராக் பேண்ட் வாசிக்கும்போது அந்த அளவை எளிதாகத் தாண்டும். நுரை இயர் பிளக் மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும். விரலால் உருட்டி மெல்லியதாக்கி, மற்றக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேல்நோக்கி இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயனில்லை. பாட்டு மங்கலாகக் கேட்கிறதே என்பவர்கள் இசைக்கென்று செய்த சிலிகான் வகையை வாங்கலாம். ஒலியைக் குறைக்கும், தெளிவைக் கெடுக்காது.

இசைக்கு வருகிறேன். போகிற பேண்டின் மூன்று பாடல்களைத் தோழரிடம் கேட்டு வாங்கி, பல்லவியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். இந்த ஒரு காரியம் இரவையே மாற்றிவிடும். தாய்லாந்துக் கூட்டம் பாடுகிற கூட்டம். கடைசிப் பல்லவியில் பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டு நிற்பார், முழுப் பல்லவியையும் கூட்டமே பாடும். அந்த நாலு வரியை நீங்களும் பாடினால் மேஜையே உங்களைத் திரும்பிப் பார்க்கும். வரிகளை ஆங்கில எழுத்தைவிடத் தமிழில் எழுதி வைப்பது நல்லது. தாய் மொழியில் குறில் நெடில் வேறுபாடு முக்கியம். நம் எழுத்தில் அது தானாக வந்துவிடும், ஆங்கில எழுத்தில் தொலைந்துவிடும்.

மேஜையில் இருப்பவர்களின் வயதைப் பார்த்தால் யாருக்கு எந்த பேண்ட் என்று சொல்லிவிடலாம். ஐம்பதைத் தொட்டவர்களுக்குக் காராபாவ். 1973 அக்டோபர் 14 மாணவர் எழுச்சியை ஒட்டிக் காராவான் போன்ற குழுக்கள் வளர்த்த, 'வாழ்க்கைக்கான பாடல்கள்' என்று அழைக்கப்படும் மரபை எலெக்ட்ரிக் கிதாரோடு நாடெங்கும் கொண்டுபோனவர்கள் அவர்கள். 1984இல் வந்த 'மேட் இன் தாய்லாந்து' தொகுப்பு அவர்களை உச்சிக்குக் கொண்டுபோனது. பாடகர் யுவென்யோங் ஓபாகுல், ஊருக்கெல்லாம் ஏட் காராபாவ். எருமைத் தலைதான் சின்னம். இங்கிலாந்து கால்பந்தில் காராபாவ் கோப்பை என்று கேட்கிறோமே, அந்த ஊக்க பானத்தின் பெயரும் இந்த பேண்டிலிருந்து வந்ததுதான். நாற்பதை ஒட்டியவர்களுக்கு மாடர்ன் டாக், லோசோ, பிக் ஆஸ். இன்னும் இளையவர்களையும் சேர்த்து எல்லாருக்கும் பொதுவானவர்கள் பாடிஸ்லாம். அதன் பாடகர் தூன், 2017இல் தெற்கு எல்லையான பெத்தோங்கிலிருந்து வடக்கு எல்லையான மே சாய் வரை சுமார் 2,200 கி.மீ. ஓடி, அரசு மருத்துவமனைகளுக்காக நூறு கோடி பாட் பணத்துக்கு மேல் திரட்டினார். இதைப் பற்றி மேஜையில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அடுத்த அரைமணி நேரம் நீங்கள் பேச வேண்டியதே இருக்காது.

காராபாவ் கச்சேரிகளில் இளைஞர் கூட்டங்கள் மோதிக்கொண்ட கதைகளையும் தோழர்கள் சொல்வார்கள். திறந்தவெளி நிகழ்ச்சிகளில் வாசலில் உடலைத் தடவிச் சோதிப்பது அதனால்தான். சண்டைக்குப் பெரும்பாலும் காரணம் அற்பமாக இருக்கும்: காலை மிதித்தது, முகத்தை முறைத்தது. தெரியாத ஒருவரை வெறித்துப் பார்க்காதீர்கள். இடித்துவிட்டால் உடனே கைகூப்பி "கோ தோட்" என்று மன்னிப்புக் கேட்டு விலகுங்கள். உற்சாகத்தில் யார் தலையையும் தொடாதீர்கள். தோளில் கை போடுவது நண்பர்களுக்குள் சரி. கீழே விழுந்து பறக்கும் பாட் தாளைக் காலால் மிதித்து நிறுத்தக் கூடாது, அதில் மன்னர் படம் இருக்கிறது. அரச குடும்பத்தைப் பற்றிய பேச்சு எந்த போதையிலும் வேண்டாம். அதற்குக் கடும் சிறைத்தண்டனை தரும் சட்டம் இருக்கிறது. எங்கேயாவது தேசிய கீதமோ அரச கீதமோ ஒலித்து மற்றவர்கள் எழுந்து நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

அரங்க நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேடைக்கு அருகில் நிற்கும் பகுதி, சுற்றிலும் இருக்கைகள். குழுவாகப் போகும்போது ஒருவரே எல்லாருக்கும் சேர்த்து ஒரே பகுதியில் டிக்கெட் எடுக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் பிரிந்துவிடுவீர்கள். தண்ணீர் பாட்டில், தொழில்முறை கேமரா, குடை ஆகியவற்றை வாசலில் நிறுத்திவிடுவார்கள். மழைக்காலத்தில் குடைக்குப் பதில் மடிக்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு போதும். டிசம்பரில் காவ் யாய் பக்கம் போனால் ஜாக்கெட் கட்டாயம், பாங்காக் வெயிலை நினைத்து டிஷர்ட்டோடு போனவர்கள் விடியும்வரை நடுங்குவார்கள்.

திரும்பி வரும் வழியைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். பிடிஎஸ், எம்ஆர்டி ரயில்கள் நள்ளிரவையொட்டி நின்றுவிடும். பேண்ட் முடியும்போது ரயில் இருக்காது. கச்சேரி விட்ட வாசலில் நிற்கும் டாக்சிகள் மீட்டர் போடாமல் மொத்தமாக விலை சொல்லும். மீட்டர் தொடங்குவது 35 பாட் என்று. அவர்கள் கேட்பது அதற்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். பத்து நிமிடம் நடந்து பெரிய சாலைக்குப் போய்க் கைகாட்டுங்கள், அல்லது கிராப், போல்ட் செயலியில் வண்டி கூப்பிடுங்கள். வீட்டு முகவரியைத் தாய் எழுத்தில் போனில் வைத்திருங்கள். விரைவுச் சாலையில் போனால் சுங்கம் பயணி கொடுப்பது. குடித்த தோழர் காரில் கொண்டுவிடுகிறேன் என்றால் ஏறாதீர்கள், அவரையும் டாக்சியில் ஏற்றப் பாருங்கள். இரவில் போலீஸ் சோதனைச் சாவடிகள் நிறைய. ரத்தத்தில் 100 மி.லி.க்கு 50 மி.கி. ஆல்கஹால் என்பது பொது வரம்பு. தற்காலிக ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவருக்கு 20 மி.கி.தான். வெளிநாட்டவருக்கு முதலில் கிடைப்பது அந்தத் தற்காலிக உரிமமே.

பில் வரும்போது அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். மேலதிகாரி இருந்தால் அவர் மொத்தமாகவோ பெரும்பகுதியோ கொடுக்கக்கூடும். கைகூப்பி நன்றி சொல்லி, அடுத்த வாரம் அலுவலகத்துக்குப் பழமோ இனிப்போ வாங்கிப்போங்கள். சமவயதினர் மட்டும் என்றால் மொத்தத்தைத் தலைக்கு வகுப்பார்கள். ஒருவர் கட்டிவிட்டு, மறுநாள் லைன் குழுவில் தொகையையும், தாய் வங்கிகளின் பணப் பரிமாற்ற வசதியான பிராம்ப்ட்பேயின் க்யூஆர் படத்தையும் போடுவார். தாய் வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் அன்றிரவே ரொக்கமாகக் கொடுத்துவிடுவது நல்லது. குடிக்காதவரிடம் குறைவாக வாங்கிக்கொள்ள அவர்களே முன்வருவார்கள், நீங்களாகக் கேட்க வேண்டாம்.

மிச்சமிருக்கும் பாட்டிலைக் கடையிலேயே விட்டுவைக்கலாம். பணியாளர் மது நிற்கும் மட்டத்தைக் குறித்து, பெயரும் கடைசித் தேதியும் எழுதிய சீட்டு ஒன்று தருவார். அந்தச் சீட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள், தாள் தொலையாமல் இருந்ததில்லை. மேஜைப் படங்களைப் பொதுவெளியில் பகிரும்போது மட்டும் கவனம் தேவை: 2008 மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பாட்டிலின் பெயர் தெரியும் படம் விளம்பரமாகக் கருதப்பட்டு அபராதம் வரலாம். பாட்டிலை வெட்டிவிட்டு முகங்களை மட்டும் போடுங்கள், அதையும் தோழர்களைக் கேட்டபிறகு. காதில் இரைச்சல் மறுநாள் மாலைக்குள் அடங்கிவிட வேண்டும். இரண்டு நாள் தாண்டியும் இரைந்தால், அல்லது ஒரு காது மந்தமாகக் கேட்டால், காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் தாமதிக்காமல் போங்கள்.